இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது

பழைய மென்பொருள் செத்துப்போன வாரம்
அயனாவரம் ஆபீஸில்
ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம் பேர்
என் மேஜைக்கு வந்து சேர்ந்தார்கள்.
டயாலிசிஸுக்குப் பணம் தருகிறவர்கள்.
மாசம் இருநூறு, வருஷம் ஆயிரம்,
அம்மா திதிக்கு ஒருவேளைச் சாப்பாடு.
பெரிய புள்ளிகள் பதினேழு பேர்.
அவர்களுக்குப் பொங்கலுக்கு டைரி போகும்.

முதல் வேலை, இரட்டைகளைக் களைவது.
பழைய எண் பதினாலிலும்
புதிய எண் முப்பத்தொன்றிலும்
ஒரே தாமோதரன்தான் குடியிருக்கிறார்.
ஒரே வாசல், இரண்டு கடிதம்.
குழந்தைவேலு மூன்று பேராக வந்திருந்தார்:
அவர் 'ழ'வுக்கு இசட்டும் ஹெச்சும் போடுகிறார்,
வங்கிக்கு 'எல்' போதும்,
செக்கை வாங்கிய எங்கள் ஆள்
வெறும் இசட்டோடு விட்டுவிட்டான்.
'ஒன்றாக்கு' என்று அழுத்தினால்
ஒருத்தருக்குள் ஒருத்தர் போய்விடுவார்.
வில்லிவாக்கம் சுல்தானா பேகங்கள் இருவரை
அப்படித்தான் அவசரப்பட்டுச் சேர்த்தேன்.
மாமியாரும் மருமகளுமாம்.
பிரிக்க மூன்று நாள் ஆயிற்று.

திரும்பி வந்த தபால் ஓர் அரிசிப்பை நிறைய.
வீடு பூட்டியிருக்கிறது.
விலாசத்தில் இல்லை.
மெட்ரோவுக்கு இடித்தாச்சு, என்று
நீல மையில் எழுதியிருந்தார் புரசைவாக்கம் தபால்காரர்.
காலமானார் என்று வந்த உறை ஒன்றை மட்டும்
தனியே எடுத்து வைத்தேன்.
அவர் கணக்கிலிருந்து
ஐந்தாம் தேதி ஐந்தாம் தேதி
முந்நூறு ரூபாய் வந்துகொண்டே இருக்கிறது.
'நிலை' என்ற இடத்தில் என்ன போட?
பெனடிக்டா மேடத்திடம் கேட்டேன்.
ஆடிட்டரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.
இன்னும் சொல்லவில்லை.

புது மென்பொருளுக்கு
ஒருவர் என்றால் இரண்டு பெயர் வேண்டும்,
அழைக்க ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று.
இங்கே குடும்பத்துக்கு ஏது பெயர்?
அப்பா ஓர் எழுத்து. பக்கத்தில் ஒரு புள்ளி.
சொன்னால் கேட்காது, கட்டம் சிவக்கும்.
பழைய ரசீதுகளில் துழாவி
அப்பாக்களைத் தேடியெடுத்து
மாசி முழுக்க விரித்து விரித்து எழுதினேன்.
மார்ச் கடைசியில்
நன்றிக் கடிதங்கள் கிளம்பிப் போயின,
எல்லா அப்பாக்களுக்கும்.

பதினொன்றரைக்குக் கொளத்தூரிலிருந்து போன்.
'எழிலரசி பேசறேன். து. எழிலரசி.
ஒன்பது வருஷமா அனுப்பறேன்.
அன்புள்ள துரைக்கண்ணுன்னு போட்டிருக்கீங்க.'
மன்னிப்பு எனக்கு மனப்பாடம். ஆரம்பித்தேன்.
'இருங்க.
நான் மூணாவது படிக்கிறப்போ
சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போன மனுஷன் அவர்.
இந்த எழுத்து ஒண்ணைத்தான் விட்டுட்டுப் போனார்.
அவருக்கா நன்றி?'
'எழுத்தை எடுத்துடட்டுமா, மேடம்?'
அந்தப் பக்கம் குக்கர்
இரண்டு விசில் போடும்வரை பதிலில்லை.
'வேணாம்.
பான் கார்டுல இருக்கு, ரேஷன்ல இருக்கு,
எம் பொண்ணு டி.சி.யில
அம்மா பேருக்கு முன்னாடி இருக்கு.
எழுத்து இருந்துட்டுப் போகட்டும்.
நன்றியை மட்டும் எனக்கு அனுப்புங்க.'

துரைக்கண்ணுவை அழித்தேன்.
கடைசி எழுத்திலிருந்து
ஒவ்வொன்றாகப் பின்வாங்கிப் போனார்.
இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது,
என்றது திரை.
ஒரு புள்ளி வைத்தேன்.
பச்சையாயிற்று.

மறுநாள் அச்சில் வந்தது:
அன்புள்ள . அவர்களுக்கு

டைரி போகாத புள்ளி.
பேனாவை எடுத்து அதன் தலைமேல்
எழிலரசி என்று எழுதினேன்.
'ழி'க்கு இடம் போதவில்லை,
வால் இறங்கி
'அவர்களுக்கு' மேல் இடித்தது.
அப்படியே மடித்து
உறையில் போட்டேன்.